தாய்ப்பலகையைக் கேட்டு நினைவகம் வாங்குக
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கல்வியின் மேன்மையை எனக்கு முன் பேசிய சான்றோர்கள் நிறைவுற எடுத்துரைத்துவிட்டார்கள். நான் அதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. ஆகவே ஒரு சிறு பொருளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒரு சாணுக்கும் குறைவான பச்சைப் பட்டை. அதன்மேல் வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். விளிம்பிலே தங்கமுலாம் பூசிய பற்கள். கடைக்காரர்கள் இதை ராம் என்பார்கள். தமிழில் நினைவகம் என்கிறோம். ஒரு கணினியின் தாய்ப்பலகைக்கு, அதாவது மதர்போர்டுக்கு, பொருந்துகின்ற நினைவகத்தைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே என் பேச்சின் பொருளாகும்.

விழா மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்துக் கணினி அறை மூன்று மாத காலம் பூட்டிக் கிடந்ததற்கு இந்தப் பட்டைதான் காரணம் என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

நினைவகம் என்பது யாது? நெல் நாட்டவராகிய நமக்கு இதை விளக்குவது எளிது. பத்தாயம் வேறு, களம் வேறு. அறுத்து அடித்துத் தூற்றிய நெல் பத்தாயத்தில் ஆண்டு முழுதும் கிடக்கும். கணினியில் வட்டு எனப்படுவது அத்தகைய பத்தாயம். ஆனால் அன்றைய வேலை நடக்கும் இடம் களம். களம் அகலமாக இருந்தால் பல கட்டுகளை ஒரே நேரத்தில் போட்டு அடிக்கலாம். குறுகலாக இருந்தால் ஒரு கட்டை அடித்து ஒதுக்கிய பின்னரே அடுத்த கட்டைக் கொண்டுவர இயலும். நினைவகம் அத்தகைய களம். மின்சாரம் நின்றவுடன் அது பெருக்கிவிட்ட களம்போல் வெறுமையாகிவிடும். பத்தாயம் நம் வீடுகளில் இருந்ததில்லை; ஆனால் களத்தின் அகல நீளம் நம்மைக் காட்டிலும் அறிந்தவர் எவருமில்லை.

இதன் உள்ளமைப்பு வியக்கத்தக்கது. ஒவ்வொரு சில்லிலும் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஓர் அறைக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் வினாடியில் பதினைந்து தடவைக்கு மேல் எல்லா அறைகளையும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த எளிய அமைப்பை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு கண்டறிந்தார். அமெரிக்கக் காப்புரிமை 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வழங்கப்பட்டது. 2024-இல் அவர் காலமானார்.

நினைவகம் என்ற சொல்லைக் கேட்டால் நம் பகுதியினர்க்கு முதலில் தோன்றுவது கணினி அன்று, வெண்மணி. ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பத்தினர் நாற்பத்து நால்வர் குடிசையோடு எரிக்கப்பட்டதும் அதே 1968-இல், டிசம்பர் 25 இரவில். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் காப்புரிமையின் ஆண்டைப் படித்த நாளிலிருந்து என்னால் இவ்விரண்டையும் பிரித்து எண்ண இயலவில்லை. உங்களிடம் அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

இனி நம் அறையின் கதைக்கு வருகிறேன்.

ஓர் அலுவலகத்தார் தாம் கழித்த எட்டுக் கணினிகளை நம் சங்கத்துக்கு அளித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜிகாபைட் நினைவகமே இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் மறுபக்கம் உறைந்து நிற்கும். உதவித்தொகை விண்ணப்பம் பாதி நிரம்பியிருக்கையில் திரை அசையாது நிற்கும். தேர்வாணைய விண்ணப்பமும் அவ்வாறே. எனவே செயற்குழு கூடி, உறுப்பினர் சந்தாவிலிருந்து பணம் ஒதுக்கி, எட்டு நினைவகப் பட்டைகள் வாங்கத் தீர்மானித்தது. வாங்கிவரும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. நகரத்துக் கடை ஒன்றில், "டி.டி.ஆர்.3, நான்கு ஜிகாபைட், எட்டு வேண்டும்" என்றேன். "எந்த டி.டி.ஆர்.3 கணினியிலும் ஓடும்" என்று கூறிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை நம்பி வந்தேன். அதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

பட்டைகள் செருகுவாயில் சரியாகவே அமர்ந்தன. ஆனால் எட்டில் ஒன்றுகூடத் திரையை எழுப்பவில்லை. நீண்ட ஊளை ஒலி மட்டும் கேட்டது. பழைய ஒரு ஜிகாபைட் பட்டையைத் திரும்பப் பொருத்தினால் கணினி விழித்துக்கொள்ளும். கடையில் கேட்டபோது, பட்டையில் குற்றமில்லை, கணினிதான் பழுது என்றார்கள். விற்ற பொருளைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்றும் கூறினார்கள். சங்கத்துக்குள்ளேயே பேச்சு எழுந்தது. "பிறர் கழித்ததுதானே காலந்தோறும் நமக்கு வந்து சேர்கிறது, கழித்துப் போட்டதில் உயிர் இருக்குமா?" என்று மூத்தவர் ஒருவர் வருந்திச் சொன்னார். அறை பூட்டப்பட்டது. அந்த மூன்று மாதங்களிலும் நம் பிள்ளைகள் கடைத்தெருவில் மணிக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் அக்கட்டணத்தை எவ்விதம் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

பூட்டைத் திறக்கச் செய்தவள் நம் மாணவி ஒருத்தி. அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் செய்ததெல்லாம் இதுதான்: கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தாய்ப்பலகையில் அச்சிட்டிருந்த எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் பெயருக்குரிய கையேட்டை இணையத்திலிருந்து எடுத்தாள். பிறகு புதிய பட்டையிலுள்ள சில்லுகளை எண்ணினாள். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் ஒன்றுமில்லை.

இதில்தான் நுட்பம் இருக்கிறது. சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். நம் கணினிகளின் தாய்ப்பலகையில் இருந்தது இன்டெல் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஜி41 என்னும் துணைச் சில்லுத் தொகுதி. எட்டு ஜிகாபிட் சேர்ந்தால் ஒரு ஜிகாபைட். நான்கு ஜிகாபைட் பட்டை ஒன்றை இரு விதமாக ஆக்கலாம். இரண்டு ஜிகாபிட் சில்லுகள் பதினாறை இரு பக்கமும் வைத்து ஆக்கலாம். நான்கு ஜிகாபிட் சில்லுகள் எட்டை ஒரே பக்கம் வைத்தும் ஆக்கலாம். கூட்டிப் பார்த்தால் இரண்டும் முப்பத்திரண்டு ஜிகாபிட்தான். ஆனால் ஜி41 இரண்டு ஜிகாபிட் சில்லு வரையிலுமே அறியும். அதற்குப் பின் பெருகிய அடர்த்தியான சில்லை அதனால் முகவரியிட்டு அழைக்க இயலாது. பதினாறு சில்லுப் பட்டையை அது ஏற்கும். எட்டுச் சில்லுப் பட்டையின் முன் விழித்து நிற்கும். கணினியும் பழுதில்லை, பட்டையும் பழுதில்லை. பொருத்தம் இல்லை, அவ்வளவே.

இதில் வியப்படைய என்ன இருக்கிறது? சி.ஆர்.1009 நல்ல நெல்லா என்று கேட்டால் நல்ல நெல் என்போம். ஆனால் அது ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட சம்பாப் பயிர். அதைக் கொண்டுபோய்க் குறுவையில் விதைப்பவர் உண்டா? குறுவைக்கு ஆடுதுறை 36 போன்ற நூற்றுப் பத்து நாள் நெல்தான் தகும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாளையும் வடகிழக்குப் பருவமழையையும் எண்ணிய பிறகே விதையைத் தேர்கிறோம். விதையை வாங்கிவிட்டுப் பருவத்தைத் தேடுவதில்லை. நான் கடையில் செய்த பிழை அதுதான். பட்டையை முதலில் கேட்டேன். பலகையைக் கேட்கவே இல்லை.

ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்வது: கடைக்குப் போகுமுன் பலகையிடம் போங்கள். பெரும்பாலான தாய்ப்பலகைகளில் செருகுவாய்களுக்கு அருகிலோ செயலிக்கு அருகிலோ அதன் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். டெல், எச்.பி., லெனோவா போன்ற நிறுவனக் கணினியாயின் பெட்டியின் முதுகில் மாதிரி எண் ஒட்டியிருக்கும். திறக்க அஞ்சுபவர்கள் விண்டோசில் சி.பி.யூ-இசட் என்னும் இலவச மென்பொருளை நிறுவலாம். லினக்சில் டிமிடிகோட் என்னும் கட்டளை அதே விவரத்தைத் தரும். பெயர் கிடைத்ததும் அதற்குரிய கையேட்டில் நினைவகம் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். எந்தத் தலைமுறை, எத்தனை செருகுவாய், ஒரு வாயில் அதிக அளவு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, எந்த வேகம் என்னும் இவ்வளவும் அங்கே இருக்கும். சோதித்துப் பார்த்த பட்டைகளின் பட்டியலும் சில நிறுவனங்கள் வெளியிடுவதுண்டு. பட்டியலில் இல்லாத பட்டை ஓடாது என்று பொருளில்லை. இருப்பது ஓடும் என்பதற்கு அது ஓர் உறுதி.

தலைமுறை என்றேன். டி.டி.ஆர். என்ற குடும்பத்தில் இதுவரை ஐந்து தலைமுறைகள் வந்துள்ளன. முதலாவதற்கு 2000-த்திலும், இரண்டாவதற்கு 2003-லும், மூன்றாவதற்கு 2007-லும், நான்காவதற்கு 2012-லும், ஐந்தாவதற்கு 2020-லும் தர அளவுகள் வகுக்கப்பட்டன. மேசைக் கணினிக்குரிய பட்டையில் முதல் தலைமுறைக்குப் பற்கள் 184. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 240. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் பற்களுக்கிடையே வெட்டியுள்ள பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் வாயில் மற்றொன்று நுழையாது; வலிந்து அழுத்தினால் வாய் உடையும். மின்னழுத்தமும் வேறு. முதலாவதற்கு 2.5 வோல்ட்டு, பின்னர் 1.8, 1.5, 1.2 என்று குறைந்து ஐந்தாவதற்கு 1.1 வோல்ட்டு ஆயிற்று. மூன்றாம் தலைமுறையில் மட்டும் 1.35 வோல்ட்டில் இயங்கும் எல் என்ற கிளையும் உண்டு. 2013-க்குப் பின் வந்த பல மடிக்கணினிகள் அந்த எல் வகையையே கேட்கும், 1.5 வோல்ட்டுப் பட்டையைப் பொருத்தினால் எழா.

பள்ளம் பொருந்தினால் எல்லாம் பொருந்தியது என்று எண்ணிவிடலாகாது. நம் எட்டுப் பட்டைகளும் பள்ளத்தில் சரியாகத்தான் அமர்ந்தன.

அடுத்து, பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கக் கற்க வேண்டும். நம் பழைய பட்டை போன்ற ஒன்றில் இவ்வாறு இருக்கும்: நான்கு ஜிபி, 2ஆர்x8, பி.சி.3-12800யூ. முதலாவது கொள்ளளவு. 2ஆர்x8 என்றால் சில்லுகள் இரண்டு அணிகளாக நிற்கின்றன, ஒவ்வொரு சில்லும் ஒரே வீச்சில் எட்டு பிட் தருகிறது என்று பொருள். 1ஆர்x8 என்றிருந்தால் ஒரே அணி. நான்கு ஜிகாபைட் பட்டையில் 2ஆர்x8 என்றால் பதினாறு சில்லு. 1ஆர்x8 என்றால் எட்டு. நான் கடையில் அந்த ஓர் எழுத்தைப் பார்த்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். பி.சி.3 என்பது மூன்றாம் தலைமுறை. 12800 என்பது வினாடிக்கு இத்தனை மெகாபைட் என்னும் கணக்கு. அதை எட்டால் வகுத்தால் 1600 என்னும் வேகம் கிடைக்கும். 10600 என்றால் 1333. நான்காம் தலைமுறையில் 19200 என்றால் 2400. இறுதியிலுள்ள யூ என்னும் எழுத்து மேசைக் கணினிக்குரியது என்பதைக் காட்டும். எஸ் என்றால் மடிக்கணினிக்குரிய குட்டைப் பட்டை. ஆர் என்றால் பெரிய வழங்கிக் கணினிகளுக்குரிய பதிவகப் பட்டை.

இந்த ஆர் எழுத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வழங்கிகளிலிருந்து கழற்றிய பட்டைகள் பழைய பொருள் சந்தையில் மலிவாக விலை போகும். எட்டு ஜிகாபைட், பதினாறு ஜிகாபைட் என்று ஆசை காட்டும். பள்ளமும் ஒத்திருக்கும். சாதாரண மேசைக் கணினியில் அது எழுவதே இல்லை. அவ்வாறே டி.டி.ஆர்.2 நான்கு ஜிகாபைட் பட்டைகளில் ஏ.எம்.டி. பலகைகளுக்கு மட்டும் என்று விற்கப்படுவன உண்டு. இன்டெல் பலகையில் அவை பயன்படா. மிக மலிவாக ஒன்றைக் கண்டால் அது எவருக்காக ஆக்கப்பட்டது என்று கேளுங்கள்.

வேகத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. பலகை 1333 வரை அறியுமாயின் 1600 பட்டை 1333-இல் ஓடும். இரு வேகப் பட்டைகள் சேர்ந்தால் இரண்டும் மெதுவானதன் நடைக்கு வரும். வேகத்துக்காக அதிக விலை கொடுப்பது நம் போன்ற சங்கங்களுக்குத் தேவையற்றது என்பது என் கருத்து.

ஆனால் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். பெரும்பாலான பலகைகளில் நினைவகத்துக்கு இரண்டு தடங்கள் உண்டு. அவற்றை இரண்டு வாய்க்கால் என்று கொள்ளுங்கள். எட்டு ஜிகாபைட்டை ஒரே பட்டையாகப் போட்டால் ஒரு வாய்க்காலில் மட்டும் தண்ணீர் ஓடும். நான்கும் நான்குமாக இரு தடத்தில் போட்டால் இரண்டிலும் பாயும். நான்கு செருகுவாய் உள்ள பலகையில் எந்த இரண்டில் போட வேண்டும் என்பது கையேட்டில் காணும். பெரும்பாலும் செயலிக்கு அருகிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

இப்பொழுது வரும் புதிய கணினிகளைப் பற்றியும் ஒரு சொல். நினைவகத்தை ஆளும் பகுதி முன்பு தாய்ப்பலகையின் துணைச் சில்லில் இருந்தது. ஏ.எம்.டி. 2003-லும் இன்டெல் 2008-லும் அதைச் செயலிக்குள்ளேயே வைக்கத் தொடங்கின. எனவே புதிய கணினியில் பலகையோடு செயலியையும் கேட்க வேண்டும். எச்61 பலகை ஒன்றே எனினும், முதலில் வந்த செயலியோடு 1333 வேகமும், அடுத்து வந்த செயலியோடு 1600 வேகமும் கிடைப்பது இதனால்தான். ஏ.எம்.டி.யின் ஏஎம்5 பலகைகள் ஐந்தாம் தலைமுறையை மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் பி660, பி760 பலகைகளிலோ டி.டி.ஆர்.4 கேட்பவையும் உண்டு, டி.டி.ஆர்.5 கேட்பவையும் உண்டு. பெயரின் கடைசி எழுத்து வரை படித்தாலன்றி வேறுபாடு தெரியாது.

மடிக்கணினியைப் பற்றிப் பல மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை இன்னமும் நம் வீடுகளில் இருக்கின்றன. மூத்த அக்காள் படித்தது, பிறகு தம்பி படித்தது, இப்போது பரணில். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். செருகுவாய் ஒன்று காலியாக இருக்கக்கூடும். மடிக்கணினிப் பட்டையில் பற்களின் எண்ணிக்கை மூன்றாம் தலைமுறைக்கு 204, நான்காவதற்கு 260, ஐந்தாவதற்கு 262. உள்ளேயிருக்கும் பட்டையின் தாளை அப்படியே கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வதே நல்லது. ஆனால் இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. வாங்கும் நாளிலேயே எவ்வளவு வேண்டும் என்று தீர்மானித்தாக வேண்டும். இது வாங்குவோர்க்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

எவ்வளவு போதும்? விண்ணப்பம், பாடக் காணொளி, தட்டச்சு, கணக்குப் பதிவு ஆகியவற்றுக்கு எட்டு ஜிகாபைட் தாராளம். லினக்சாயின் நான்கிலும் ஓட்டலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சு தமிழுக்கு இடம் கொடுப்பது. 32 பிட் விண்டோசு உள்ள கணினியில் நான்குக்கு மேல் போட்டால் பணம் வீண். அந்த நான்கிலும் மூன்று, மூன்றரைதான் பயனுக்கு வரும். முதலில் 64 பிட் முறைமையை நிறுவ வேண்டும். மேலும், நான்கு ஜிகாபைட் இருந்தும் கணினி ஊர்ந்து செல்கிறதென்றால் நினைவகத்தை விட்டுவிட்டுப் பழைய சுழல்வட்டை எடுத்து எஸ்.எஸ்.டி. போடுங்கள். களம் போதுமான அகலம் இருந்தும் பத்தாயத்தின் வாய் சிறுத்திருந்தால் களத்தை அகலப்படுத்தி என்ன பயன்?

இவற்றையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோசு 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே ஓடிக்கொண்டிருந்த கணினிகளையே அலுவலகங்கள் கழிக்கின்றன. அவை நம் போன்ற சங்கங்களை நாடி வரும். மறுபுறம், அதே ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் உலகெங்கும் நினைவக விலை ஏறியது. தவறாக வாங்கி மாற்றிக்கொள்ளும் வசதி நமக்கு முன்பும் இல்லை; விலை ஏறியபின் அறவே இல்லை.

கடையில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இயலுமாயின் கணினியையே எடுத்துச் செல்லுங்கள். இயலாவிடில் பலகையின் பெயரை விலைச் சீட்டிலே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருந்தாவிடில் மாற்றித் தருவதாக அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். நம் தாத்தாமார் பண்ணைக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே பெருவிரலை வைத்தவர்கள். எழுதியதைக் காட்டு என்று கேட்க அவர்களுக்கு எழுத்து இல்லை. நமக்கு எழுத்து இருக்கிறது. இருந்தும் நான் கேட்கவில்லை. வாய்ச்சொல்லை நம்பி வந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாங்கியதை அளந்தும் பார்க்க வேண்டும். நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் என்றிருந்த காலத்தை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். முத்திரை மரக்காலில் அள என்பது அன்றைய கோரிக்கைகளுள் ஒன்று. நினைவகப் பட்டையிலும் ஒரு முத்திரை இருக்கிறது. மிகச் சிறிய தனிச் சில்லு ஒன்றில் அதன் கொள்ளளவு, வேகம், ஆக்கியவர் பெயர் யாவும் பொறிக்கப்பட்டிருக்கும். சி.பி.யூ-இசட் அதைப் படித்துக் காட்டும். மேலே ஒட்டிய தாளும் உள்ளே பொறித்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அப்பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்துவது கடினமன்று. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். பற்களைத் தொடாமல் ஓரங்களைப் பிடியுங்கள். இரு முனைத் தாழ்களும் கிளிக் என்று ஒலிக்கும் வரை சமமாக அழுத்துங்கள். நம் கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் பற்களைக் கறுக்கச் செய்யும். 2018 கஜா புயலுக்குப் பின் செத்துவிட்டது என்று ஒதுக்கிய கணினி ஒன்றைப் பள்ளிக்கூடத்து அழிப்பானால் பற்களைத் துடைத்தே எழுப்பியிருக்கிறேன்.

நம் அறையின் கதையில் மீதியையும் கூறிவிடுகிறேன். அம்மாணவி எழுதிக் கொடுத்த சீட்டோடு மீண்டும் சென்று, பதினாறு சில்லுப் பட்டைகளைப் பழைய பொருள் கடையில் தேடி வாங்கினோம். எட்டுக் கணினியும் எழுந்தன. முன்பு வாங்கிய எட்டில் இரண்டை, பின்னர் நமக்குக் கிடைத்த எச்61 கணினி ஒன்றில் பொருத்தினோம், குறையின்றி ஓடுகிறது. மிச்சம் ஆறும் அறையின் மேசை அறைக்குள் உள்ளன. அவற்றை விற்கவேண்டாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொண்டேன். அவற்றின் தாளைப் படிக்கவும் சில்லை எண்ணவும் புதிய மாணவர்க்கு அவைதான் பாடநூல்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மடிக்கணினிகளைத் திறந்து பார்க்க இருக்கிறோம். பரணில் இருப்பதை இறக்கிக்கொண்டு வாருங்கள். மின்னேற்றியையும் மறவாமல் எடுத்து வாருங்கள். சிறிய நட்சத்திரத் திருப்புளி ஒன்றுதான் சங்கத்தில் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அதையும் கொண்டுவரலாம்.